கை கொடுக்கப் போய் கடலோடு போகலாமா?

காணும் பொங்கல் முடிந்த மறுநாளும், மே மாத லீவு நாட்களிலும் பேப்பரைப் பிரிக்கவே பயமாக இருக்கிறது. கடலில் குளித்தவர் பலி, ஆற்றில் மூழ்கியவர் பலி என்று வரிசையாகச் செய்தி. அதிலும் என் மனசை அறுப்பது ஒரு வரிதான். 'தங்கையைக் காப்பாற்றப் போன அக்காவும்', 'மகனைத் தூக்கப் போன தாயும்' என்று முடியுமே, அந்த வரி! அந்த ஒரு 'உம்'முக்குள்ளே ஒரு குடும்பமே அழிந்து கிடக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் கொடுத்திருக்கும் கணக்குப்படி, 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அந்த வருஷம்தான் ஐக்கிய நாடுகள் சபையும் ஜூலை 25-ஐ 'நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாள்' என்று அறிவித்தது. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? காதலர் தினம் தெரிகிற அளவுக்கு இது தெரிவதில்லை.

இதைப் படித்ததும் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். "அதுக்குத்தான் சொல்லுதேன், பொம்பளைப் பிள்ளைகளைத் தண்ணிப் பக்கமே விடாதீங்க!" என்பார்கள். சகோதரிகளே, நான் நேர் எதிராகச் சொல்கிறேன். விடுங்கள்! ஆனால் பழக்கி விடுங்கள்.

தண்ணீர்ப் பக்கம் விடாமல் வளர்த்தால் மட்டும் தண்ணீர் நம்மை விட்டு விடுகிறதா? 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் கடலைத் தேடிப் போகவில்லையே, கடல்தானே வீட்டுக்குள் வந்தது! அந்தச் சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 391 பெண்களும் 146 ஆண்களும் இறந்ததாக 'ஆக்ஸ்ஃபாம்' தொண்டு நிறுவனம் 2005-இல் எழுதியது. ஏறக்குறைய மூன்று மடங்கு! ஆண்கள் பலர் நடுக்கடலில் இருந்தார்கள். பெண்கள் கரையில் மீனுக்காகக் காத்திருந்தார்கள், இல்லாவிட்டால் வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள். பலருக்கு நீச்சல் தெரியாது. காலைச் சுற்றிய புடவை, இடுப்பில் குழந்தை. எப்படித் தப்புவது?

நான் பிறந்தது தாமிரபரணிக் கரையில். சின்ன வயசில் ஆணும் பெண்ணுமாகச் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகுவோம். வயசுக்கு வந்ததும் பெண்களுக்குப் படித்துறையோடு சரி. தம்பி அக்கரை வரை போய் வருவான். அக்கா முழங்கால் தண்ணீரில் நின்று துணி துவைப்பாள். அரைகுறையாகக் கற்ற நீச்சல் அதோடு போச்சு. எங்கள் தெருவில் ஒரு தாய், கால் வழுக்கிய மகனைப் பிடிக்கக் குதித்தாள். பையனைக் கரையில் நின்ற ஒருவர் துண்டை வீசி இழுத்துவிட்டார். தாய் கிடைத்தது மறுநாள். "பெத்தவ பாசம்! உசிரைக் கொடுத்தா பாரு!" என்று ஊரே புகழ்ந்தது. அந்தத் துண்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

போன வருஷம் பிப்ரவரியில், கல்லூரித் தோழிகள் ஐந்து பேர் சேர்ந்து அந்தமான் போய் வந்தோம். எல்லோரும் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். "ஆம்பளைத் துணை இல்லாமலா?" என்று ஒரு வீட்டில் மாமியார் மூன்று நாள் பேசவில்லை. "உங்களுக்கு எதுக்கு இந்த வயசில் கடல்?" என்று இன்னொரு வீட்டில் மகனே கேட்டான். (அவன் நண்பர்களோடு கோவா போய் வந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை!) எப்படியோ எல்லோரும் கிளம்பிவிட்டோம். போர்ட் பிளேருக்கு விமானம். அந்த ஊருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக் தீவு. அதற்கும் 2018-இல் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் சூட்டிவிட்டார்கள்.

நாங்கள் நாலு பேர் போனது சும்மா இருக்க. அடுப்பு இல்லாத ஐந்து நாள், அவ்வளவுதான் ஆசை. ஐந்தாவது தோழி வங்கியில் வேலை பார்க்கிறவள். அவள் முன்பே புதுச்சேரியில் ஸ்கூபா கற்றவள். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் போவார்களே, அதுதான். இந்த முறை அவள் வந்தது அதற்கும் மேலே ஒரு படிப்புக்கு. கடலில் ஆபத்தில் மாட்டியவரை மீட்கும் பயிற்சி. "ஏட்டி, லீவுக்கு வந்த இடத்தில் பரீட்சையா?" என்று நாங்கள் கேலி செய்தோம். ஆனால் மூன்று நாள் கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்த பிறகு, அந்தக் கேலி எங்களுக்கு நின்று போயிற்று.

அந்தப் பயிற்சிக்கு மூழ்குகிறவர் மாதிரி நடிக்க ஆள் தேவைப்படுகிறது. கல்லூரி நாடகத்தில் எப்போதும் அழுகிற வேஷம் போடும் எங்கள் தோழி ஒருத்தி, "நான் வரேன்" என்று மிதவைச் சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். கையை ஆட்டி, "ஐயோ, அம்மா, காப்பாத்துங்க" என்று கத்தினாள் பாருங்கள், கரையில் இளநீர் விற்கிறவரே ஓடி வந்துவிட்டார்! பயிற்சியாளர் சிரித்தார். அவர் ராமேசுவரம் பக்கத்துப் பையன். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொன்னார். "அக்கா, பயந்து போனவங்கதான் இப்படிக் கத்துவாங்க. நிஜமா மூழ்குறவங்க கத்தவே மாட்டாங்க. அவங்களுக்கு மூச்சு விடவே நேரம் இல்ல. கூப்பிட எங்க நேரம்?"

எனக்கு உடம்பெல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. மூழ்குகிறவர் நெட்டுக்குத்தலாக நிற்பாராம். வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழும் போகும். கையை மேலே தூக்கி ஆட்ட முடியாது. பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். ஒரு நிமிஷத்துக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடலாம். குழந்தைகள் விஷயத்தில் அதைவிடச் சீக்கிரம். 'சத்தம் வந்தால் போய்ப் பார்க்கலாம்' என்று நாம் நிழலில் உட்கார்ந்து முறுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்போம். தண்ணீரில் விளையாடும் பிள்ளை திடீரென்று அமைதியாகிவிட்டால்தான் ஓட வேண்டும்.

அடுத்து, பதறி நிற்கிறவரிடம் எப்படிப் போவது என்று காட்டினார். நேராகப் போய்க் கட்டிப் பிடிக்கவே கூடாது. கைக்கு எட்டாத தூரத்தில் நின்று முதலில் பேச வேண்டும். "பயப்படாதீங்க, இதைப் பிடிச்சுக்கோங்க" என்று மிதவையைத் தள்ள வேண்டும். கிட்டே போயே ஆக வேண்டுமென்றால் பின்பக்கமாகத்தான் போக வேண்டும். மீறிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டால், மீட்கப் போனவர் தண்ணீருக்குள் முங்கிவிட வேண்டும். மூழ்குகிறவருக்குக் கீழே போகப் பிடிக்காது. பிடி தானாக விட்டுவிடும்.

இதைக் கேட்டதும் எங்களில் ஒருத்திக்குக் கோபமே வந்துவிட்டது. "இது என்ன கல்நெஞ்சம்? பெத்த பிள்ளை தத்தளிக்கும்போது தூரத்தில் நின்னு பேசுவாளா ஒருத்தி?" என்றாள். வங்கித் தோழிதான் பதில் சொன்னாள். "இந்தப் படிப்பில் முதல் பாடமே உன்னைக் காப்பாத்திக்கோ என்கிறதுதான். ரெண்டாவது ஆளா நீயும் மூழ்கினா, முதல் ஆளை யாருடி தூக்குவா?"

நில், மூச்சு விடு, யோசி, அப்புறம் செய். இந்த நாலு வார்த்தைதான் அவர்களுக்கு மந்திரம். நம் வீட்டில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் என்ன செய்கிறோம்? பதறித் தண்ணீரை ஊற்றினால் தீ கூரை வரை போகும். நின்று, அடுப்பை அணைத்து, மூடியைப் போட்டு மூடுகிறவள்தான் வீட்டைக் காப்பாற்றுகிறாள். அது கல்நெஞ்சமா? விவரம் தெரிந்த பாசம்!

ஸ்கூபாவில் இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. யாரும் தனியாக இறங்குவதில்லை, ஜோடி ஜோடியாகத்தான். இறங்கும் முன் ஒருவர் மாட்டியிருப்பதை இன்னொருவர் சரி பார்க்கிறார். ஒவ்வொருவரிடமும் மூச்சு விடும் வாய்க்குழாய் இரண்டு இருக்கிறது. மஞ்சள் நிறத்தில் இருக்கும் இரண்டாவது, பக்கத்தில் வருகிறவருக்குக் காற்று தீர்ந்துபோனால் கொடுப்பதற்கு. தன் மூச்சைப் பிடுங்கிக் கொடுப்பதில்லை, கவனியுங்கள். தானும் மூச்சு விட்டுக்கொண்டே மற்றவருக்கும் கொடுக்கிற ஏற்பாடு. தூத்துக்குடிப் பக்கம், முத்துக் குளிக்கப் போகிறவன் தன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான் என்று சொல்வார்கள். கூடப் பிறந்தவளின் தாலி அல்லவா, அவன் கயிற்றை விடுவானா! கரையில் கயிறு பிடிக்க ஒருவர் உறுதியாக நின்றால்தான் உள்ளே போனவர் திரும்பி வர முடியும்.

நமக்கு என்ன சொல்லி வளர்த்திருக்கிறார்கள்? தான் பட்டினி கிடந்து பிள்ளைக்குப் போடுகிறவள்தான் தாய். தன் காய்ச்சலை மறைத்துக்கொண்டு சமைக்கிறவள்தான் மருமகள். தரையில் அது எப்படியோ போகட்டும். தண்ணீரில் அது செல்லாது. தண்ணீருக்குத் தியாகம் தெரியாது. நீச்சல் தெரியாத தாய் குதித்தால் அது இரண்டு பேரையும்தான் எடுத்துக்கொள்ளும்.

"ஸ்கூபாவெல்லாம் பணக்காரர்கள் விளையாட்டு, நமக்கு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். உண்மைதான், செலவு அதிகம். எல்லோரும் அதைக் கற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் சொல்லிக்கொடுக்கிற முக்கால்வாசிப் பாடத்துக்குக் காசே வேண்டாம். எங்கள் தெருக்காரர் வீசிய அந்தத் துண்டு என்ன விலை? புடவை, கயிறு, கம்பு, மூடிய காலிப் பிளாஸ்டிக் குடம், எதுவும் உதவும். முதலில் சத்தம் போட்டு ஆள் கூப்பிடு. கரையில் படுத்துக்கொண்டு கம்பை நீட்டு. எட்டாவிட்டால் மிதக்கிற பொருளை வீசு. பயிற்சி இல்லாதவர் தண்ணீரில் இறங்கவே கூடாது.

"வயசான காலத்தில், குடும்பப் பெண்களுக்குக் கடல் சரிப்படுமா?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுப் பக்கம் போய்ப் பாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, புடவைக்கு மேல் சட்டை, விரல்களில் சுற்றிய துணி. இவ்வளவோடு மூச்சை அடக்கி முங்கிப் பாசி எடுக்கிறார்கள் நம் ராமநாதபுரத்துப் பெண்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் 'சீகாலஜி' என்ற பன்னாட்டு விருது கிடைத்தது. தென்கொரியாவின் ஜேஜு தீவில் 'ஹேன்யோ' என்ற பெண்கள் சிலிண்டர் இல்லாமல் முங்கிச் சிப்பி எடுக்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டிய பாட்டிகளும் அவர்களில் உண்டு. 2016-இல் யுனெஸ்கோ அவர்களுடைய பண்பாட்டைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவர்களும் கூட்டமாகத்தான் போகிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் பிடித்து ஓய்வெடுக்கும் மிதவை அந்தக் காலத்தில் எதில் செய்தது தெரியுமா? சுரைக்குடுக்கையில்! படித்ததும் எனக்கு எங்கள் ஆறுதான் ஞாபகம் வந்தது.

உடை பற்றித் தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய நீச்சல் உடை இப்போது கடைகளில் கிடைக்கிறது. மானத்துக்கும் பங்கம் இல்லை, உயிருக்கும் பங்கம் இல்லை. புடவையோடும் துப்பட்டாவோடும் கடலில் இறங்குவதுதான் ஆபத்து.

லீவுக்குக் கடற்கரை போகும் சகோதரிகள் இதையெல்லாம் மனதில் வையுங்கள். அலை உடையாமல் நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருப்பாகத் தெரிந்தால், 'இங்கே அலை இல்லை, குழந்தைக்கு நல்லது' என்று இறங்காதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழி அதுவாக இருக்கலாம். அந்த இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள், சோர்ந்துதான் போவீர்கள். மல்லாந்து மிதந்து கையை ஆட்டுங்கள். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய், இழுப்பை விட்டு வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள். சிவப்புக் கொடி இருந்தால் இறங்கவே வேண்டாம்.

மூழ்கியவரைக் கரை சேர்த்ததும் தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் கூடவே கூடாது. 108-க்கு ஒருவர் போன் செய்யட்டும். மூச்சு இல்லையென்றால், தெரிந்தவர் வாயோடு வாய் வைத்து இரண்டு முறை மூச்சு ஊதிவிட்டு, நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தி, மறுபடியும் இரண்டு மூச்சு, இப்படியே விடாமல் செய்ய வேண்டும். அழுத்தம் 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை. இதைப் படித்தால் மட்டும் வராது. பொம்மையை வைத்து ஒருநாள் பழக வேண்டும். பழகினால் தண்ணீருக்கு மட்டுமல்ல, வீட்டில் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறவருக்கும் உதவும்.

இப்போது சுற்றுலா போகிற இடத்திலெல்லாம் "நீச்சல் தெரியாட்டாலும் பரவாயில்லை, ஸ்கூபா போகலாம்" என்று அழைக்கிறார்கள். போட்டோ ஆசையில் கையெழுத்தைப் போட்டுவிடாதீர்கள். கொடுக்கும் பாரத்தில் ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, கர்ப்பம் என்று கேட்டிருப்பார்கள், மறைக்காமல் எழுதுங்கள். சளி, காது அடைப்பு இருந்தால் இறங்காதீர்கள். உள்ளே மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே அடக்கிய மூச்சு மேலே வரும்போது பலூன் மாதிரி விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். கட்டைவிரலை உயர்த்தினால் 'நல்லா இருக்கேன்' என்று அர்த்தமில்லை, 'மேலே போகணும்' என்று அர்த்தம்! கடைசியாக முங்கி எழுந்து 18 மணி நேரமாவது ஆன பிறகு விமானம் ஏறுவது நல்லது. சோடா பாட்டிலைத் திறந்ததும் நுரைக்கிறதே, அப்படி ரத்தத்தில் கரைந்த வாயு குமிழாகிவிடும் ஆபத்து உண்டு.

பரதநாட்டியம், கீபோர்டு, இந்தி டியூஷன் என்று பெண் குழந்தைகளுக்கு எத்தனையோ சொல்லித்தருகிறோம். உயிரைக் காக்கும் நீச்சலுக்கு மட்டும் "கறுத்துப் போயிடுவா" என்கிறோம்! பள்ளிகளில் இரு பாலருக்கும் நீச்சலையும் முதலுதவியையும் பாடமாக்க வேண்டும். ஒவ்வொரு ஊர் நீச்சல் குளத்திலும் பெண்களுக்கென்று தனி நேரமும், பெண் பயிற்சியாளரும் வேண்டும். தனியாகக் கேட்டால் காதில் விழாது. தெருவில் பத்துப் பேர் சேர்ந்து போய் நகராட்சியில் கேட்போம். மகளிர் குழுக்கள் மாதக் கூட்டத்தில் ஒருநாள் முதலுதவிப் பயிற்சிக்கு ஆளை அழைக்கலாமே!

கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவி தோழிகளோடு நாலு நாள் கடல் பார்க்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். "நீச்சல் தெரியுமா?" என்று மட்டும் கேளுங்கள். தெரியாது என்றால், போக வேண்டாம் என்று சொல்லாமல் நீச்சல் வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.

எங்கள் ஐந்து பேரில் மூன்று பேர் ஊர் திரும்பியதும் நீச்சல் வகுப்பில் சேர்ந்தோம். பேசாமல் இருந்த அந்த மாமியார் இப்போது பேத்தியையும் கூட அனுப்புகிறார். நாற்பத்தெட்டு வயசில் எனக்கே வருகிறது என்றால் உங்களுக்கு வராதா? பிள்ளைக்காக உயிரைக் கொடுக்க நாம் எல்லோரும் தயார்தான். ஆனால் பிள்ளைக்கு வேண்டியது உயிரோடு இருக்கிற அம்மா. என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, திருநெல்வேலி